பந்தயக் காரின் சிற்றுருவும் வரலாற்றுச் சான்றும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியிற் தெற்கு நோக்கிச் செல்வோர் சில கிலோமீற்றர் தூரத்திற் காத்தான்குடியை அடைவர். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் எல்லைகளாக அமைய, ஒடுங்கிய நிலப்பரப்பில் மக்கள் நெருங்கி வாழும் இவ்வூர் வாணிபத்துக்கும் கைத்தறிக்கும் பெயர்பெற்றது. இங்கு நிறுவப்பட்ட பூர்வீக நூதனசாலை, முன்னோரின் வாழ்க்கை முறையைப் பின்வந்தோர்க்கு உணர்த்தும் பொருட்டுப் பழம்பொருள்களோடு மாதிரி உருக்களையும் காட்சிக்கு வைத்தது. பழம்பொருளின் முன்னே நிற்பவர் அதன் வயதை வினவுவர். மாதிரியின் முன்னே நிற்பவர் வினவவேண்டியது வேறு. இது எதனைப் போன்றது? எந்த நாளில் இருந்த அதனைப் போன்றது? அவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று யாது? இவ்வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஓலையேட்டின் பாடபேதங்களையும் சாசனத்தின் சிதைந்த எழுத்துக்களையும் ஐயத்தோடு அணுகப் பழகிய வரலாற்று மாணவர்கூட, மாதிரியைக் கண்டதும் அவ்வையத்தைச் செருப்போடு சேர்த்து வாயிலிலே கழற்றிவிடுகின்றார்.

மாதிரி அமைத்தலும் ஆராய்ச்சியின் ஒரு துறையே என்பதற்கு உயரிய உதாரணம் இப்பிரதேசத்திலேயே உண்டு. அதே வீதியிற் கல்முனைக்கும் அப்பாலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன யாழை மீட்டுருவாக்கும் முயற்சியிற் பல்லாண்டுகள் ஈடுபட்டார். 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ் நூல்’ அரங்கேறியபோது, அவரது ஆய்வின் வழியே செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அங்கே ஒப்பிட்டு நோக்குவதற்கு மூலக்கருவி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும், இசைக் கணிதமும், கைவினைஞரின் உளியுமே துணைநின்றன.

மூலப்பொருள் அறவே இல்லாதவிடத்து எழும் இடர்ப்பாடு எளிதில் விளங்கக்கூடியது. மூலப்பொருள் கண்ணெதிரே உள்ளபோதும், அது ஆயிரம் முறை படம்பிடிக்கப்பட்டிருந்தபோதும், அதே இடர்ப்பாடு எழும் என்பது அவ்வளவு எளிதில் விளங்குவதன்று. அதனைத் தெளிவாகக் காட்டும் துறை ஒன்று உண்டு. அது நெடுநேர மோட்டார்ப் பந்தயங்களில் ஓடிய கார்களின் சிற்றுருக்களை நுணுக்கமாக அமைக்கும் கலையாகும். விளையாட்டுப் பொருளின் பக்கம் வரலாற்று மாணவர்க்கு என்ன வேலை என்று வினவுவோர் இருப்பர். விடை பின்வருவனவற்றில் உண்டு.

நெடுநேரப் பந்தயங்களுள் தலையாயது பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயமாகும். 1923 மே 26, 27ஆந் திகதிகளில் முதன்முதல் நடைபெற்றபோது 33 கார்கள் ஓடின. லகாஷ், லெயோனார் ஆகிய இருவர் ஓட்டிய ஷெனார் வோக்கர் கார் 2,209 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து முதலிடம் பெற்றது. ஏனைய பந்தயங்கள் பலவற்றில் குறித்த தூரத்தை முதலில் முடிப்பவர் வெல்வர். இங்கோ குறித்த நேரத்தில் அதிக தூரம் ஓடுபவரே வெல்வர். ஆதலால் வேகம் மட்டும் போதாது; வண்டி விடியும்வரை தாங்கவேண்டும். இரவு முழுதும் கண்விழித்து வடமோடிக் கூத்துப் பார்த்துப் பழகிய மட்டக்களப்பார்க்கு இதன் சுவை எடுத்துரைக்க வேண்டியதொன்றன்று.

இவ்விருபத்துநான்கு மணிநேரத்திலும் கார் ஒரே பொருளாக இருப்பதில்லை. மாலையிற் புறப்படும்போது பளபளத்த வண்டி, நள்ளிரவில் எண்ணெய் படிந்தும், தடுப்புத் தட்டுக்களின் கரி ஒட்டியும், முன்விளக்கு உடைந்தும் காணப்படும். விடியற்காலையில் அதன் மூக்குப் பகுதி வேறொன்றாக மாற்றப்பட்டிருக்கும். கதவு ஒட்டுநாடாவினால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சிற்றுரு அமைப்பவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தக் காரை என்பதன்று. அக்காரின் எந்த மணிநேரத்தை என்பதே. அழுக்கும் அங்கே ஓர் ஆவணம். போர்ஷே 917 என்னும் கார் 1969இல் வெளிவந்தபோது அதிவேகத்தில் நிலைகொள்ளாது தடுமாறியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஒஸ்திரியாவின் செல்ற்வெக் ஓடுபாதையிற் பரிசோதனை நிகழ்ந்தபோது, ஜோன் ஹோர்ஸ்மன் என்னும் பொறியியலாளர் ஒன்றைக் கவனித்தார். வண்டியின் முன்புறமெங்கும் பூச்சிகள் மோதிச் செத்து ஒட்டியிருந்தன. வாற்புறத்திலோ ஒன்றுகூட இல்லை. காற்று வாலைத் தொடாமலே மேலே சென்றுவிடுகின்றது என்பதை அவர் அதிலிருந்து உய்த்துணர்ந்தார். அலுமினியத் தகடுகளை வெட்டி வாலை உயர்த்தினர், வண்டி அடங்கியது. குறுவால் 917 இவ்வாறு தோன்றியதே. செத்த பூச்சியைச் சான்றாகக் கொண்ட இப்பொறியியலாளரின் பார்வைக்கும், உடைந்த மட்பாண்ட ஓட்டைக் கையிலேந்திய தொல்லியலாளரின் பார்வைக்கும் அதிக தூரமில்லை.

இனி, சிற்றுருவின் அமைப்புமுறையை நோக்குதல் வேண்டும். அளவுத்திட்டமே இதன் அடித்தளம். கார்ச் சிற்றுருக்களில் 1:43, 1:24, 1:12 என்பன பெருவழக்கு. இவற்றுள் முதலாவது, பொம்மைப் புகையிரதங்களிலிருந்து வந்தது. ஓர் அடியை ஏழு மில்லிமீற்றராகக் குறுக்கிய பிரித்தானிய வழக்கின் எச்சமே அது. ஏனைய இரண்டும் ஓர் அடிக்கு அரை அங்குலம், ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய கணக்குகள். ஃபோர்ட் நிறுவனத்தின் ஜீ.ரீ. 40 என்னும் கார் நிலத்திலிருந்து 40 அங்குல உயரமே உடையது. அதனாலேயே அப்பெயர் பெற்றது. 1:24 அளவில் அதன் முழு உயரமும் 4.3 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும்.

குறுக்குதல் என்பது கணக்கு மட்டுமாயின் தொல்லையில்லை. நீளத்தையும் அகலத்தையும் இருபத்துநான்கால் வகுக்கலாம். வர்ணப்பூச்சின் தடிப்பை வகுக்க முடியாது. சிற்றுருவின்மேற் பத்திலொரு மில்லிமீற்றர் தடிப்பிற் பூசப்படும் வர்ணம், உண்மைக் காரின் அளவிற் கணித்தால் 2.4 மில்லிமீற்றர் தடிப்பாகும். அத்தகைய பூச்சின்கீழ்க் கதவின் விளிம்பும் ஆணித்தலைகளும் புதையுண்டுபோம். எனவே நுண்டுளிகளாகத் தெளித்து, உலரவிட்டு, நீரில் நனைத்த நுண்மையான அரத்தாளினால் உரைத்து, மீண்டும் தெளித்துப் பல நாட்கள் செலவிடுகின்றனர். நிறமும் அவ்வாறே. பெரிய பரப்பிற் பிரகாசிக்கும் சிவப்பைச் சிறிய பரப்பில் அப்படியே பூசினால் அது கருமைகொண்டு தோன்றும். சற்று வெளிறிய சிவப்பே கண்ணுக்கு உண்மையாகப் படும். உள்ளதை உள்ளவாறு பெயர்த்தால் உண்மை கெடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவர். வர்ணம் தீட்டுவோரும் அறிந்திருக்கின்றனர்.

917இன் பொறி பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்டது; நீரினாலன்றிக் காற்றினாற் குளிர்விக்கப்படுவது. பொறியின் மேலே கிடையாகச் சுழலும் பெரிய விசிறியொன்று இதற்கென அமைந்துள்ளது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். ஆக இருபத்துநான்கு பிளக்குகளுக்கும் இருபத்துநான்கு வயர்கள். ஏழு மில்லிமீற்றர் தடிப்புள்ள வயர் 1:24 அளவில் 0.3 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிடும். தையல் நூலின் பருமன் எனலாம். அவ்விருபத்துநான்கையும் உரிய துவாரங்களிற் செருகி, உண்மைக் காரில் எது எதன்மேற் சென்றதோ அவ்வாறே வளைத்து அமைத்தல் வேண்டும். ஆசன வார்களுக்கு மெல்லிய துணியும் ஈயத் தாளும், கொளுவிகளுக்கு அமிலத்தால் அரித்தெடுத்த உலோகத் தகடும் பயன்படுகின்றன. இவ்வளவும் செய்தபின்னர் பொறிமூடியை மூடிவிட்டால் ஒன்றும் வெளியே தெரியாது. காணாத இடத்திலும் பிழை இருத்தலாகாது என்று கருதுவோரே இத்துறையில் நிலைத்து நிற்கின்றனர். ஒரு காருக்கு ஓராண்டுக்கு மேலுஞ் செலவிட்டோர் உளர்.

யப்பானியர் இதனைத் தொழிலாகவே வளர்த்தனர். ஷிசுவோக்கா நகரின் தமியா நிறுவனம் 1976இல் 1:12 அளவிலான போர்ஷே 934 சிற்றுருத் தொகுதியை வெளியிட்டது. அதற்கென ஷுன்சாக்கு தமியா ஒரு போர்ஷே 911 காரை விலைகொடுத்து வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி அளவெடுத்தார் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த செய்தி. மொடல் ஃபக்டரி ஹிரோ என்னும் மற்றொரு யப்பானிய நிறுவனம் வெள்ளீயக் கலவை, ரெசின், அரிப்புத் தகடு ஆகியவற்றைக்கொண்டு பழைய லெ மான் கார்களைப் பொறியின் உட்பகுதிவரை அமைக்கத்தக்க தொகுதிகளை விற்கின்றது. வாங்கிய தொகுதியை அப்படியே ஒட்டி முடித்தல் தொடக்கநிலையோரின் வழி. தேர்ந்தோர் தொகுதியையே ஐயுறுவர். நிறுவனம் எந்தக் காரை அளந்தது? அளந்தபோது அக்கார் பந்தயநாளில் இருந்தவாறே இருந்ததா?

இந்த ஐயமே சிற்றுரு அமைப்போனைப் பதிப்பாசிரியனாக்குகின்றது. ஒரே பந்தயத்தின் பல படங்களைத் திரட்டி, எது பயிற்சிநாளிற் பிடிக்கப்பட்டது, எது பந்தயத் தொடக்கத்தில், எது முடிவில் என்று நிழலின் நீளத்தையும் அழுக்கின் அளவையுங்கொண்டு வரிசைப்படுத்துகின்றான். காரின் ஒரு பக்கத்துக்குப் பத்துப் படங்களும் மறுபக்கத்துக்கு ஒன்றும் கிடையாமற் போவதுண்டு. 1962இல் வித்துவான் எவ். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தமையை அறிந்த நமது மாணவர்க்கு, வேறுபடும் பிரதிகளிலிருந்து ஒரு பாடத்தைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எத்தகையது என்பது புதிதன்று. ஏட்டிற் பாடபேதத்தை அடிக்குறிப்பில் தரலாம். சிற்றுருவில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. ஏதேனும் ஒன்றை ஒட்டியே ஆகவேண்டும்.

போர்ஷே நிறுவனத்தின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கின்றது. 1970 யூன் 13, 14ஆந் திகதிகளில் நடைபெற்ற லெ மான் பந்தயத்திற் கடும் மழை பெய்தது. புறப்பட்ட 51 கார்களுள் ஏழு மட்டுமே முடிவிற் தரப்படுத்தப்பட்டன. ஹான்ஸ் ஹேர்மன், றிச்சட் அற்வுட் ஆகியோர் ஓட்டிய சிவப்பு வெள்ளை நிறமுடைய 23ஆம் இலக்க 917, பதினைந்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு முதலிடம் பெற்றது. லெ மானில் போர்ஷேக்குக் கிடைத்த முதலாவது முழு வெற்றி இதுவாகும். வென்ற காரின் அடிச்சட்ட இலக்கம் 917-023. பந்தயத்தின் பின்னர் அது தனியார் கைகளுக்குச் சென்றது. நிறுவனத்திடம் எஞ்சியிருந்ததோ 1969 மார்ச்சில் ஜெனீவாக் காட்சியில் வைக்கப்பட்ட முதலாவது 917. அதன் இலக்கம் 917-001. வெள்ளை உடலும் பச்சை மூக்கும் நீண்ட வாலும் கொண்டிருந்த அதனைக் குறுவாலாக மாற்றி, வெற்றிபெற்ற காரின் சிவப்பு வெள்ளையைப் பூசி, 23 என்ற இலக்கத்தையும் தீட்டிக் காட்சிப்பொருளாக்கினர். பல்லாண்டுகளாக அதன் முன்னே நின்றோர் லெ மானை வென்ற காரைக் கண்டதாகவே எண்ணிச் சென்றிருப்பர். 917இன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2019இல், அக்காரை நிறுவனமே மீண்டும் ஜெனீவாத் தோற்றத்துக்குத் திருப்பிப் பச்சை மூக்கை மீட்டது.

இதிலே வஞ்சகம் எதுவுமில்லை. கொண்டாட்டத்துக்காகச் செய்த வேடமே அது. எனினும் விளைவை எண்ணிப்பார்த்தல் தகும். நூதனசாலையிற் காட்சிக்கிருந்த ‘உண்மைக்’ காரை அளந்து அமைத்த சிற்றுரு 1970 யூன் 14ஆந் திகதியைப் பற்றித் தவறாகப் பேசும். அக்காரை ஒருபோதுங் காணாமல், அன்றைய மழையிற் பிடிக்கப்பட்ட படங்களை மட்டும் நம்பித் தன் மேசையிலிருந்து ஒருவன் அமைத்த சிற்றுரு சரியாகப் பேசும். மூலப்பொருள் என்பதனாலேயே ஒன்று சான்றாகிவிடுவதில்லை. மாதிரி என்பதனாலேயே ஒன்று சான்றாகாமற் போவதுமில்லை.

ஃபோர்டின் வரலாறும் இதனையொத்ததே. 1966இல் மூன்று ஃபோர்ட் கார்கள் ஏறத்தாழ ஒருசேர முடிவுக்கோட்டை அடைந்தன. பக்கத்திற் பக்கமாக வரும்படி நிறுவனமே பணித்திருந்தது. புறப்பட்ட இடம் சற்றுப் பின்னாக இருந்தமையால் அதிக தூரம் ஓடியதாகக் கணிக்கப்பட்டு புரூஸ் மக்லாரனும் கிறிஸ் ஏமனும் வெற்றியாளராயினர். கென் மைல்ஸ், டெனி ஹல்ம் இணை இரண்டாமிடம் பெற்றது. வேறுபாடு இருபது மீற்றருங்கூட இல்லை. வென்றவர் ஓடிய தூரமோ 4,843 கிலோமீற்றர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மைல்ஸ் பரிசோதனை ஓட்டமொன்றில் இறந்தார். மூன்று கார்களையும் சிற்றுருவாக்கி அம்முடிவுக் காட்சியை அமைப்போர் பலர். யாரை எவ்வளவு முன்னே வைப்பது என்பதிலேயே அமைப்போனின் தீர்ப்பு வெளிப்பட்டுவிடுகின்றது. வென்ற கறுப்புக் கார், அடிச்சட்ட இலக்கம் பி/1046, அதன் பின்னரும் பந்தயங்களில் ஓடி, மாற்றங்களுக்குட்பட்டு, கைமாறிச் சென்றது. ஐம்பதாண்டு நிறைவு நெருங்கியபோதுதான் 1966இன் தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. மீட்டோர் அக்காரின் எச்சங்களோடு பழைய படங்களையும் நுணுகி ஆராயவேண்டியிருந்தது. முழு அளவிற் செய்யப்பட்டதாயினும் அவர்கள் பின்பற்றிய வழி, சிற்றுரு அமைப்போன் வழியே.

தமிழ்நாட்டவர் பெயர்களும் இப்பந்தயத்தின் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் லெ மானில் ஓட்டியபோது அவரது குழுவின் கார் ஆறாமிடம் பெற்றது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2009இல், கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 14ஆம் இலக்க அவுடி ஆர். 10 காரின் மூன்று ஓட்டுநருள் ஒருவராகப் பதிவுசெய்யப்பட்டிருந்தார். பந்தயம் தொடங்குமுன் அவரது தோள்மூட்டு விலகியமையால் ஓட்ட இயலவில்லை. ஏனைய இருவரே மாறிமாறி ஓட்டிக் காரை ஏழாமிடத்திற் சேர்த்தனர். அக்காரின் சிற்றுருவில் ஓட்டுநர் பெயர்ப்பலகையை எழுதுவோன் என்ன செய்வான்? மூன்று பெயரையும் எழுதினாற் பதிவேட்டுக்கு நேர்மையாளன். இரண்டை எழுதினால் நிகழ்ச்சிக்கு நேர்மையாளன். நியமனப் பத்திரத்தைக்கொண்டு ஆட்சி வரலாறு எழுதுவோர்க்கும் இதே சிக்கல் உண்டு. அவர்கள் இவ்வளவு கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாகாது. இலங்கையிலேயே ஒரு மாதிரி, மறைந்துபோன மூலத்தின் இடத்தில் நின்று சான்று பகர்ந்துள்ளது. பலகைகளைத் தென்னங்கயிற்றினால் தைத்து, பக்கத்தே மிதவை பூட்டிக் கட்டப்பட்ட யாத்ரா தோணி என்னும் வாணிபக் கலம் ஒருகாலத்தில் இத்தீவின் கரைகளிலிருந்து இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் சென்றுவந்தது. பெயரிலேயே தோணி என்ற நமது சொல் ஒட்டியிருக்கக் காணலாம். அவ்வகைக் கலங்களுள் இறுதியானது 1930இல் மாலைதீவருகே உடைந்தது. அதன் பின்னர், காலிக்கு அண்மையிலுள்ள தொடந்துவைக் குமாரகந்த விகாரையிற் பேணப்பட்ட சிற்றுரு ஒன்றே நுணுக்கமான சான்றாக எஞ்சியது. 1990களின் தொடக்கத்தில் டொம் வொஸ்மர் என்னும் கடற்கல ஆய்வாளர், சோமசிறி தேவேந்திராவின் துணையோடு அதனை அளந்தார். மழித்த முகத்தோடு இருக்கும் விளையாட்டுப் படகுபோலன்றி, தையலும் மிதவையும் உரியவாறு அமைந்திருந்தமையாலேயே அளவை பயன்பட்டது. அறுபதாண்டுகளுக்கு முன்னர் கடலில் மறைந்த கலத்தின் உடல்வளைவுகள் மீண்டும் கோடுகளாகத் தாளில் எழுந்தன.

மட்டக்களப்பு வாவியிலும் அதனையடுத்த கடற்கரையிலும் 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அடித்துச்சென்ற படகுகளின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடிநார்ப் படகுகளே நிரப்பின; 917இன் மேலுடலும் அதே இனப் பொருளால் ஆனதே. அச்சொன்றிலிருந்து வார்க்கப்படுவதால் அத்தகைய படகு ஒன்றைப்போல மற்றொன்று இருக்கும். மரத்தோணி அவ்வாறன்று, ஒவ்வொன்றிலும் மரத்தின் வளைவும் செய்தவன் கையும் வேறுபடும். வாவியில் மரத்தோணி முற்றாக மறைந்துவிடவில்லை. அளவெடுக்க விரும்புவோர்க்கு மூலப்பொருள் இன்னும் நீரின்மேல் மிதக்கின்றது. அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தை ஒத்திராமைக்குக் காரணத்தைத் தோணி செய்யும் ஓடாவியிடம் நேரிலேயே கேட்டெழுதலாம்.